கிறிஸ்தவக் கல்லூரி தந்த தத்துவ மேதை

செப்டம்பர் 5ஆம் நாள் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அவர்கள். அன்று ஆசிரியைகளுக்கு ரோஜாப்பூக் கொடுத்து மகிழ்கிறோம். வெண்ணிறத் தலைப்பாகையும் மூக்குக்கண்ணாடியும் அணிந்த அவரது படத்திற்கு மாலை சூட்டுகிறோம். அவர் பாரத நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தார் என்பதை முதல் வகுப்புக் குழந்தையும் சொல்லும். ஆனால் அவர் மாணவராக இருந்த கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அக்கதையையே இங்கு எழுத விழைகிறேன்.

அவர் 1888ஆம் ஆண்டு, முருகன் கோயில் கொண்டுள்ள திருத்தணியில் பிறந்தார். வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. தந்தையார் வீராசாமி ஒரு ஜமீனில் சிறிய வருவாய்த்துறை வேலை பார்த்தவர். வருமானம் குறைவு, குடும்பமோ பெரிது. 1896இல் சிறுவன் இராதாகிருஷ்ணன் திருப்பதியிலிருந்த லுத்தரன் மிஷன் பள்ளியில் சேர்ந்தான். அதன்பின் 1900 முதல் வேலூரில் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய ஊரிஸ் கல்லூரியில் படித்தான். பதினான்கு வயதிலேயே அவனுக்குத் திருமணமும் நடந்துவிட்டது! மணப்பெண் சிவகாமுவுக்கோ பத்து வயதுதான். அக்கால வழக்கம் அது. அவன் மேலே மேலே படிக்கப் போனான். சிவகாமுவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இதைப் படித்தபோது என் மனம் சற்று வருந்தியது.

வேலூர்ப் படிப்பு முடிந்ததும் அவர் உதவித்தொகையுடன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்றார். இன்று தாம்பரத்தில் மரங்கள் சூழ இருக்கும் அக்கல்லூரி 1937இல்தான் அங்கே இடம் பெயர்ந்தது. அந்நாளில் அது உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, பாரிமுனைச் சந்தடியில் இருந்தது. பி.ஏ. வகுப்பில் எந்தப் பாடத்தை எடுப்பது? கணிதமா, பௌதிகமா, உயிரியலா, வரலாறா, தத்துவமா? அவர் குழம்பி நின்ற வேளையில், அதே கல்லூரியில் பட்டம் பெற்றிருந்த உறவினர் ஒருவர் தம்முடைய பழைய புத்தகங்களை அவரிடம் கொடுத்தார். அவை தத்துவப் புத்தகங்கள். புத்தகம் வாங்கப் பணம் வேண்டியதில்லை என்றதும் பாடமும் முடிவாகிவிட்டது! நம் டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் அக்காமாரின் பழைய கைடுகள் வீடு வீடாகக் கைமாறுவதைப் பார்த்திருக்கிறோம். அதுபோலத்தான் இதுவும். பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப் என்று வீட்டில் வாதம் நடக்கும் இந்நேரத்தில், ஓர் உலக மேதையின் பாடம் இப்படித் தீர்மானமானது எனக்கு வியப்பாக இருக்கிறது.

பாடம் தற்செயலாக வந்தது. அதற்குப் பின் நடந்தது தற்செயல் அன்று. வகுப்பறையில் மேலைநாட்டுத் தத்துவமும் அறவியலும் கற்பித்தார்கள். மிஷனரிப் பேராசிரியர்கள் சிலர் இந்து சமயத்தைக் கடுமையாக விமர்சித்தார்கள். அத்வைத வேதாந்தம் உலகத்தை மாயை என்கிறது. உலகமே மாயை என்றால் நன்மை தீமைக்கு என்ன பொருள், பிறருக்கு உதவுவதற்கு என்ன அவசியம் என்பது அவர்கள் கேள்வி. வீட்டில் பக்தியோடு வளர்ந்த இளைஞருக்கு அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அவர் நம்பிக்கை ஆட்டங்கண்டது.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? கோபித்துக்கொண்டு கல்லூரியை விட்டிருப்போம். அல்லது தலையாட்டிவிட்டுத் தேர்வுக்கு மட்டும் படித்திருப்போம். அவரோ இரண்டையும் செய்யவில்லை. சொல்லப்பட்ட குற்றம் உண்மையா என்று தாமே பார்க்க உபநிடதங்களையும் சங்கரர், இராமாநுசர் நூல்களையும் தேடிப் படித்தார். கல்லூரியில் கற்ற மேலைநாட்டு வாத முறையைக் கொண்டே தம் முன்னோர் நூல்களை ஆராய்ந்தார்.

எம்.ஏ. பட்டத்திற்கு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அவர் எடுத்துக்கொண்ட பொருள் வேதாந்தத்தின் அறநெறி! வேதாந்தத்தில் ஒழுக்கத்திற்கு இடமில்லை என்பவர்களுக்கு அது நேரான மறுமொழி. அதைப் பார்வையிட இருந்தவரோ பேராசிரியர் ஏ.ஜி. ஹாக் என்னும் ஸ்காட்லாந்து மிஷனரி. தம் ஆசிரியர் புண்படுவாரோ என்று மாணவர் உள்ளூர அஞ்சினார். மதிப்பெண் போனால் பட்டம் போகும், பட்டம் போனால் வேலை போகும், அந்த வேலையை நம்பி ஒரு குடும்பமே இருந்தது.

ஹாக் அக்கட்டுரையைப் பாராட்டி நற்சான்று எழுதிக் கொடுத்தார். இந்த இடத்தில்தான் எனக்கு மாணவரைவிட ஆசிரியர் மீது மதிப்பு மிகுந்தது. ஹாக் தம் சமயத்தில் உறுதியானவர். கன்மக் கொள்கையையும் கிறிஸ்தவ மீட்பையும் ஒப்பிட்டு, கல்லூரிப் பத்திரிகையில் கட்டுரைகள் எழுதியவர். மாற்றுக் கருத்தை முழுதும் புரிந்துகொண்ட பிறகே அதோடு வாதிட வேண்டும் என்று கருதியவர். மாணவரின் முடிவு தம் முடிவு அன்று என்பதற்காக அவர் மதிப்பைக் குறைக்கவில்லை. 1908இல் அக்கட்டுரை நூலாக அச்சாயிற்று. அப்போது இராதாகிருஷ்ணனுக்கு வயது இருபதுதான்.

பிற்கால வரலாறு யாவரும் அறிந்ததே. 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணி. 1918இல் மைசூர். 1921இல் அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மைசூர் மாணவர்கள் அவரது வண்டியைத் தாங்களே இரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்களாம்! 1936இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கீழ்நாட்டுச் சமயங்களுக்கான பேராசிரியரானார். அப்போது ஹாக் சென்னையில் கல்லூரி முதல்வராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். தம் மாணவரின் உயர்வை அவர் கண்குளிரக் கண்டிருப்பார்.

1952இல் குடியரசுத் துணைத் தலைவர், 1954இல் பாரத ரத்னா, 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர். 1964 டிசம்பரில் திருத்தந்தை ஆறாம் பவுல் பம்பாய் நற்கருணை மாநாட்டிற்கு வந்தபோது, நாட்டின் தலைவராக இருந்தவர் மிஷன் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பன்னிரண்டு ஆண்டுகள் படித்த இந்த இந்துப் பெரியவரே.

பணி ஓய்வுக்குப்பின் சென்னையிலுள்ள தம் இல்லத்திற்குத் திரும்பினார். 1975இல் சமயத் தொண்டிற்கான டெம்பிள்டன் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அப்பரிசு தொடங்கப்பட்ட 1973ஆம் ஆண்டில் அதனை முதலாவதாகப் பெற்றவர் நம் அன்னை தெரசா. இராதாகிருஷ்ணன் தமக்குக் கிடைத்த பரிசுத் தொகையை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சென்னையில் காலமானார்.