கழற்றிப் பார்த்துக் கற்றவர் ஜி.டி. நாயுடு



எங்க வகுப்பு நண்பன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், ஆரணியில் இருக்கிற அவன் மாமாவோட மோட்டார் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அங்கேயே சேரப்போகிறானாம். ஏன்டா என்று கேட்டால், ஜி.டி. நாயுடு மூணாவதுதானே படிச்சார் என்று திருப்பிக் கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஜி.டி. நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டார். இதுவரைக்கும் என் நண்பன் சொன்னது சரிதான்!

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி எப்படி ஓடுது? அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். சம்பளத்தைச் சேர்த்து வைத்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கி ஊர் சுற்றவில்லை. பாகம் பாகமாகக் கழற்றினார். எது எதுக்கு இருக்கிறது என்று பார்த்து, திரும்ப மாட்டினார். மெக்கானிக் ஆனது அப்படித்தான்.

இங்கே என் நண்பன் ஒர்க்‌ஷாப்பில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வந்தது. அதில் கிளட்ச் பெடல் கிடையாது. என்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கும். என்ஜின் பக்கத்து விசிறி எண்ணெயைச் சுழற்றும், அந்த எண்ணெய் அடுத்த விசிறியைச் சுழற்றும். எண்ணெய் வழியாகப் போவதால் கொஞ்சம் வேகம் நழுவிப்போகும், பெட்ரோல் வீணாகும். அதனால் வண்டி சீராக ஓடும்போது இரண்டையும் ஒன்றாகப் பூட்ட லாக்கப் கிளட்ச் வைத்திருக்கிறார்கள். 12 வோல்ட் கரண்ட் போனால் பூட்டும். பிரேக்கை மிதித்தால் பிரேக் சுவிட்ச் அந்தக் கரண்ட்டை நிறுத்தும், பூட்டு விடும்.

யாரோ அந்த ஒயரை நேராக பேட்டரியில் கொடுத்திருந்தார்கள். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் என்ஜின் ஆஃப் ஆனது! கியரில் இருக்கும் வண்டியைக் கிளட்ச் பிடிக்காமல் நிறுத்தினால் என்ன ஆகுமோ அதேதான். ஒயர் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஏன் போகிறது என்று தெரியவில்லை. நாயுடு கழற்றிப் பார்த்தது இந்த 'ஏன்' என்பதற்காகத்தான்.

அவருக்கு எல்லாமே ஜெயம் என்று நினைக்காதீர்கள். பருத்தி வியாபாரத்தில் பணத்தை இழந்தார். பிறகு ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபரின் உதவியோடு 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் பெருகி யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி ஆனது. வெளிநாடுகளுக்குப் போய் அங்கே இருந்த தொழிற்சாலைகளைப் பார்த்து வந்தார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார். பேட்டரியில் ஓடும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி என்று இன்னும் நிறைய.

1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் செய்தார். விலை 2000 ரூபாய்தான்! ஆனால் அதைத் தயாரித்து விற்க அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. அந்தக் கார் ரோட்டுக்கு வராமலே போனது. படிக்கும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய அதே நாயுடு, 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தொடங்கக் காரணமாக இருந்தார். பசங்க கையால் வேலை செய்து, சீக்கிரமாகத் தொழில் கற்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவருக்குப் படிப்பு பிடிக்காமல் இல்லை, புரியாமல் மனப்பாடம் செய்வதுதான் பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 1974 ஜனவரி 4-ஆம் தேதி காலமானார். அவர் செய்த கருவிகளைக் கோவை அவினாசி ரோட்டில் உள்ள கண்காட்சியில் பார்க்கலாம்.

நண்பா, நீ இந்தச் சுவர் முன்னாடி நின்று இதைப் படிப்பாய் என்று தெரியும். மெக்கானிக் ஆகாதே என்று நான் சொல்லவில்லை. நம்ம சேவூரில் தறியில் உட்கார்ந்தவருக்குத்தான் எந்த இழை ஏன் அறுந்தது என்று தெரியும். தொழில் எதுவும் கேவலம் இல்லை. பத்தாவது முடித்தால் ஐ.டி.ஐ. இருக்கு, பாலிடெக்னிக் இருக்கு. அந்த ஒயர் ஏன் பிரேக் சுவிட்ச் வழியாகப் போகிறது என்று அங்கே சொல்லித்தருவார்கள். நாயுடு மூணாவதோடு நிறுத்தியது பள்ளிக்கூடத்தை மட்டும்தான். கற்பதை அவர் கடைசிவரை நிறுத்தவில்லை.


பத்தாம் வகுப்பு மாணவன்