ரிசர்வ் வங்கியே இல்லாத காலத்தில் கப்பல் விட்ட வ.உ.சி: பணம் எங்கே வந்தது, எங்கே நின்றது?

ரெப்போ வட்டி கால் சதவீதம் ஏறினாலே வீட்டுக் கடன், கார் கடன் வாங்கினவங்களுக்கு இஎம்ஐ கவலை வந்துடும். பெட்டிக்கடைக்காரருக்கு அது உடனே உறைக்காது. கடன் எவ்வளவு பெருசு, எத்தனை வருஷத்துக்கு என்பதைப் பொறுத்துத்தான் ஒரு தொழிலுக்கு அடி விழும். நெல்லைச் சீமையில் இதற்கு நல்ல உதாரணம் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த இந்த வக்கீல், 1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மொத்தம் 10 லட்ச ரூபாய் மூலதனம். ஆறே நாளில், அக்டோபர் 22-ல், சென்னையில் அர்பத்நாட் வங்கி திவால் ஆச்சு. ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு காலி. இன்று வங்கிகள் தடுமாறினால் ஆர்பிஐ பணத்தை இறக்கிவிடும். அன்று அப்படி ஒரு மத்திய வங்கியே கிடையாது.

மெட்ராஸ் வங்கி இருந்ததே என்று கேட்கலாம். 1876-ம் ஆண்டுச் சட்டப்படி அது குறுகிய காலக் கடன்தான் தர முடியும். நிலத்தையோ கட்டடத்தையோ அடமானம் பிடிக்கக் கூடாது. பஞ்சு மூட்டையைக் காட்டும் வியாபாரிக்கு இது போதும். பல வருஷம் ஓடினால்தான் போட்ட காசு திரும்பும் கப்பலுக்கு எப்படிப் போதும்?

நாணயக் கொள்கையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. 1893-ல் வெள்ளி நாணய அச்சடிப்பைப் பொதுமக்களுக்கு நிறுத்திய அரசு, பிறகு ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்று நிலைநிறுத்தியது. வெள்ளியின் விலைக்கே விட்டிருந்தால் ரூபாய் இன்னும் கீழே போயிருக்கும். ஆக, வெளிநாட்டில் கப்பல் வாங்குபவருக்கு லாபம். பஞ்சு ஏற்றுமதி செய்பவருக்கு கையில் குறைவான ரூபாய். இலங்கையிலும் ரூபாய்தான் புழங்கியதால், தூத்துக்குடி - கொழும்பு டிக்கெட் வருமானத்துக்கு மட்டும் மாற்று விகிதத் தலைவலி இல்லை.

மிச்சம் இருந்த வழி பங்கு விற்பதுதான். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 2 லட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்தார். 1907-ல் காலியா, லாவோ கப்பல்கள் வந்தன. பங்குப் பணத்துக்கு மாத வட்டி கிடையாது, உண்மைதான். ஆனால் தீர்ந்துபோனால் மறுபடி ஊர் ஊராகப் போய்க் கேட்கணும்.

அதைத்தான் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி குறிவைத்தது. அது கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைக்க, சுதேசி கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. எதிரணி இலவசப் பயணத்தோடு குடையும் கொடுத்ததாம்! நஷ்டத்தை வருஷக்கணக்கில் தாங்க அதனிடம் பணம் இருந்தது.

1908 பிப்ரவரியில் கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச்சில் தாமிரபரணிக் கரைக் கூட்டம், 12-ந் தேதி கைது. மறுநாள் நெல்லை கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தனர். பங்கு கேட்டு அலைய ஆள் இல்லாத கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டது. வ.உ.சி வெளியே வந்தது 1912 டிசம்பரில்.

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. அடுத்த வருஷம் நவம்பர் 18-ல் அவர் காலமானார். எழுதி வைத்த உயிலில் துணிக்கடைக்கும் எண்ணெய்க்கடைக்கும் தர வேண்டிய பாக்கிகள் இருந்தன.