நீதிமன்றத்தை விட்டுப் பள்ளிக்கூடத்தை நாடிய அறிஞர் சித்திலெப்பை

அம்பிட்டிய என்றதும் கண்டி மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அங்குள்ள கத்தோலிக்க குருமடமாகும். பாப்பரசர் 13ஆம் லியோவின் முயற்சியால் 1893இல் தோற்றுவிக்கப்பட்ட அக்குருமடம், 1955இல் புனே நகருக்கு இடம்மாறும் வரை இந்தியத் துணைக்கண்டம் முழுவதற்கும் குருமாரைப் பயிற்றுவித்தது. தமிழகத்திலிருந்தும் மாணவர்கள் கடல் கடந்து அந்த மேட்டு நிலத்துக்கு வந்து பயின்றனர். அதற்கு முன்னரே கண்டியில் புனித அந்தோனியார் கல்லூரி (1854), திரித்துவக் கல்லூரி (1872), மகளிர் உயர்தரப் பாடசாலை (1879), தர்மராஜ கல்லூரி (1887) ஆகியன அமைந்துவிட்டன. இவ்வாறு ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளுக்கெனக் கல்வி நிலையங்களைக் கட்டியெழுப்பிய காலத்தில், அதே நகரில் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்து வாழ்ந்த முஸ்லிம் சமூகம் மட்டும் நவீன கல்வியின் வாசலுக்கு வெளியே நின்றது. அந்நிலை கண்டு மனம் வருந்தியதோடு நின்றுவிடாமல், தம் தொழிலையும் செல்வத்தையும் அதற்கெனவே செலவிட்ட ஒருவரை இக்கண்டி நகரம் ஈன்றெடுத்தது. அவர்தான் அறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை.

1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தவர் அவர். அவரது தந்தையார் இலங்கை முஸ்லிம்களில் முதன்முதலாகச் சட்டத்தரணியானவர். அளுத்கமையைப் பூர்வீகமாகக் கொண்ட அக்குடும்பம் கண்டியில் குடியேறி மதிப்போடு வாழ்ந்தது. அறபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் புலமை பெற்ற சித்திலெப்பை, தந்தையின் வழியிலேயே சட்டத்துறையை நாடினார். 1862இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்திலும் 1864இல் உயர் நீதிமன்றத்திலும் சட்டத்தரணியாகப் பணியாற்றும் உரிமை பெற்றார். கண்டியில் நீதிவானாகக் கடமை பார்த்த காலமும் உண்டு. கைநிறைய வருவாயும் ஆட்சியாளரிடத்தில் மதிப்பும் ஒருங்கே வாய்த்த வாழ்க்கை அது. அவர் விரும்பியிருந்தால் அவ்வாழ்க்கையிலேயே நிறைவுற்றிருக்க முடியும்.

ஆனால், நீதிமன்றமே அவருக்கு வேறொரு பாடத்தைக் கற்பித்தது எனலாம். அக்காலத்தில் சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. வழக்கு ஆங்கிலத்தில் நடந்தது. தீர்ப்பும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. தன் காணியின் உறுதியில் என்ன எழுதியிருக்கின்றது என்பதை வாசிக்க இயலாத ஒருவன், சட்டம் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் அதன் முன்னால் கண் கட்டப்பட்டவனாகவே நிற்பான். எழுத்தறிவில்லாத சமூகத்துக்கு நீதி என்பது பிறர் மனம் வைத்தால் மாத்திரம் கிடைக்கின்ற சலுகையாகிவிடுகின்றது. சித்திலெப்பையின் பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்த உண்மைக்கு அவர் அளித்த மறுமொழியாகவே அமைந்தது என்பது எமது கருத்தாகும்.

முஸ்லிம்கள் ஆங்கிலக் கல்வியிலிருந்து விலகி நின்றமைக்கு வலுவான காரணம் இருந்தது. அன்றைய ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமாரின் கையில் இருந்தன. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் அவன் மார்க்கத்தை இழந்துவிடுவானோ எனப் பெற்றோர் அஞ்சினர். இதே அச்சம் யாழ்ப்பாணத்துச் சைவர்களிடமும் இருந்தது. 1848இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் பாடசாலை நிறுவியதும் அதன் பொருட்டே. வட இந்தியாவில் சேர் செய்யித் அகமத் கான் 1875இல் அலிகாரில் தொடங்கிய பணியும் இத்தகையதே. சித்திலெப்பை இந்த அச்சத்தை ஏளனம் செய்யவில்லை. மார்க்கக் கல்வியையும் நவீன கல்வியையும் ஒரே கூரையின் கீழ் வழங்கும் பாடசாலைகளை நாமே அமைத்தால் அச்சத்துக்கு இடமேது என்பதே அவர் முன்வைத்த தீர்வாகும்.

இக்கருத்தை மக்களிடம் கொண்டு செல்ல அவர் தெரிந்தெடுத்த கருவி பத்திரிகை. 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் வார இதழை ஆரம்பித்தார். உலக நடப்புகளை மக்களுக்கு அறிவித்ததோடு, கல்வியின் அவசியத்தையும் அது இடையறாது வலியுறுத்தியது. சட்டவாக்க சபையில் முஸ்லிம்களுக்கெனத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற கோரிக்கையையும் அவ்விதழ் எழுப்பியது. 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் அச்சபைக்கு நியமிக்கப்பட்டதன் மூலம் அக்கோரிக்கை நிறைவேறியது. கூச்சலோ கலகமோ இன்றி, எழுத்தாலும் விண்ணப்பத்தாலும் வாதத்தாலும் உரிமை கேட்கும் பழக்கத்தைத் தன் சமூகத்துக்கு ஊட்டிய பத்திரிகை அது.

முஸ்லிம் நேசன் வெளிவரத் தொடங்கிய சில வாரங்களில், 1883 ஜனவரியில், எகிப்திய தேசியவாதத் தலைவர் ஒறாபி பாஷா ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினார். சித்திலெப்பைக்கு அவர் உற்ற துணைவரானார். 1884இல் சித்திலெப்பை கண்டியில் செழித்திருந்த தமது சட்டத் தொழிலைக் கைவிட்டுக் கொழும்புக்குச் சென்றார். அவ்வாண்டு நவம்பரிலேயே முஸ்லிம் சிறுவர்களுக்கான பாடசாலை ஒன்று அங்கு திறக்கப்பட்டது. ஆயினும் போதிய ஆதரவின்றிச் சில ஆண்டுகளில் அது செயலிழந்தது. சொந்தச் சமூகத்துக்குள்ளேயே எதிர்ப்பும் அலட்சியமும் தலைதூக்கி நின்றன.

வேறொருவராயின் அத்துடன் சலித்துப் போயிருப்பார். சித்திலெப்பையோ மீண்டும் வாசல் வாசலாகச் சென்றார். கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டிய கொடைவள்ளல் வாப்பிச்சி மரிக்கார், ஒறாபி பாஷா, ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் முதலியோருடன் கைகோர்த்து, 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி மருதானையில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிராவைத் தோற்றுவித்தார். பின்னாளில் டி.பி. ஜாயா, ஏ.எம்.ஏ. அஸீஸ் போன்ற பேரறிஞர்களை அதிபர்களாகப் பெற்று நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்றாக ஓங்கிய கொழும்பு ஸாஹிராக் கல்லூரி இதுவே. இன்று நாடெங்கும் ஸாஹிரா என்ற பெயரில் பாடசாலைகள் காணப்படுகின்றன. அவற்றின் மூலவேர், ஒரு முறை தோற்ற பின்னரும் ஓயாத அந்த மனவுறுதியேயாகும்.

இவை அனைத்திலும் துணிச்சலானது பெண் கல்விக்காக அவர் எடுத்த முயற்சி. ஆண் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பவே தயங்கிய சமூகத்தில், 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை அவர் ஆரம்பித்தார். பிறர் வீட்டுப் பெண்களுக்கு உபதேசம் செய்து தம் வீட்டுப் பெண்களை மறைத்து வைப்பவராக அவர் இருக்கவில்லை. தமது சகோதரி முத்து நாச்சியாவையே அப்பாடசாலையின் பொறுப்பில் அமர்த்தினார். கண்டி மண்ணில் நிகழ்ந்த இந்நிகழ்வு இன்று போதிய அளவு நினைவுகூரப்படுவதில்லை என்பது எமது மனக்குறையாகும்.

தமிழ் இலக்கியமும் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றது. 1885இல் அவர் எழுதி வெளியிட்ட 'அஸன்பே சரித்திரம்' ஈழத்தின் முதலாவது தமிழ் நாவலாகும். எகிப்திலும் இந்தியாவிலும் நிகழ்கின்ற அக்கதை, தமிழில் நாவல் என்ற வடிவமே புதிதாக இருந்த வேளையில் தோன்றியது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்து (1879) ஆறே ஆண்டுகள் கடந்திருந்தன. வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர், முன்சீப்பாக இருந்தவர். சித்திலெப்பை முஸ்லிம், சட்டத்தரணியாக இருந்தவர். தமிழ் உரைநடைக்குப் புது வழி சமைத்த இருவருமே நீதித்துறையினர் என்பதும், தமிழ் அனைத்துச் சமயத்தாரின் பொதுச் சொத்து என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கன. மாணவர்களுக்கான அறபுப் பாடநூல்களையும், தம் வாழ்வின் இறுதிக் கட்டத்தில் மெய்ஞ்ஞானம் பேசும் 'அஸ்றாறுல் ஆலம்' என்ற நூலையும் அவர் எழுதினார். 1898 பெப்ரவரி 5ஆம் திகதி, அறுபது வயது நிறைவதற்கு முன்னரே அவர் காலமானார். 1977இல் இலங்கை அரசு அவரது உருவம் பொறித்த முத்திரையை வெளியிட்டுக் கௌரவித்தது. கண்டியில் அவரது பெயர் தாங்கிய பாடசாலையும் இயங்கி வருகின்றது.

முத்திரையோடும் பெயர்ப்பலகையோடும் அவரை நாம் வழியனுப்பிவிடலாமா என்பதே இன்று எழுகின்ற வினா. அபிவிருத்தி அடைந்துவரும் நாடொன்றில் கல்வி, சுகாதாரம், நீதி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. தாய்மாரின் கல்வி பிள்ளைகளின் உயிரைக் காக்கின்றது என்பதை ஆய்வுகள் நிறுவியுள்ளன. வறிய நாடாக இருந்தும் இலங்கை மரண வீதத்தைக் குறைத்தமைக்குப் பெண் கல்வி முக்கிய காரணம் என்பதைச் சனத்தொகை ஆய்வாளர் ஜோன் கால்ட்வெல் 1986இல் எடுத்துக்காட்டினார். 1891இல் கண்டியில் திறக்கப்பட்ட அச்சிறிய பெண் பாடசாலை, அறிந்தோ அறியாமலோ ஒரு சுகாதாரப் பணியாகவும் அமைந்தது.

நீதி தவறும்போது சுகாதாரமும் தடம் புரள்கின்றது என்பதற்கு அண்மைய அனுபவமே சான்று. கொவிட் தொற்றினால் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் அறிவுறுத்தியிருந்தும், 2020இல் நிலத்தடி நீர் மாசடையும் எனக் கூறிக் கட்டாயத் தகனம் நடைமுறைக்கு வந்தது. தம் உறவுகளை மார்க்க முறைப்படி வழியனுப்ப இயலாது எத்தனையோ குடும்பங்கள் கண்ணீர் வடித்தன. 2021 பெப்ரவரியில் அந்நடைமுறை திருத்தப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரித்த உடலை எந்த மன்னிப்பும் மீட்டுத் தராது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழ் மக்களும் இவ்வேதனையின் மற்றொரு வடிவத்தை அறிந்தவர்களே. அவர்களது பிள்ளைகள் பயிலும் தமிழ்மொழிப் பாடசாலைகள் பலவற்றில் இன்றும் கணித, விஞ்ஞான ஆசிரியர்களுக்குப் பற்றாக்குறை நிலவுகின்றது. முஸ்லிம் இளைஞர்களில் ஒரு பகுதியினர் படிப்பை இடைநிறுத்திக் கடையையும் வெளிநாட்டையும் நாடுகின்றனர்.

அரசாங்கம் தன் கடமையைச் செய்ய வேண்டும் எனக் கேட்கும் உரிமை எமக்குண்டு. அதே வேளை, சித்திலெப்பை அரசாங்கத்துக்காகக் காத்திருக்கவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது. பள்ளிவாசல்களும் கோவில்களும் தனவந்தர்களும், தம் ஊரில் படிப்பை நிறுத்திய ஒரு பிள்ளையையேனும் மீண்டும் வகுப்பறையில் அமர்த்த முன்வரட்டும். வழக்காடி உழைத்ததைப் பள்ளிக்கூடத்துக்கு ஈந்த அப்பெருமகனுக்கு நாம் திருப்பிச் செலுத்தக்கூடிய கடன் அதுவே.