விம்பிள்டனை வென்ற கோப்பித் துரை

விம்பிள்டன் என்றதும் பொகவந்தலாவையில் இருக்கும் எமக்குத் தொலைக்காட்சியில் பார்த்த பச்சைப் புல்தரைதான் நினைவுக்கு வரும். 1878ஆம் ஆண்டு அங்கே வென்றவர் இலங்கையில் கோப்பி பயிரிட்ட ஓர் ஆங்கிலத் துரை என்பதை எம் மாணவிகளில் அநேகர் அறியார். பட்ரிக் பிரான்சிஸ் ஹடோ என்பது அவரது முழுப்பெயர். பிராங்க் ஹடோ என்றே அழைக்கப்பட்டார்.

1855 ஜனவரி 24இல் இலண்டனில் பிறந்து, பெயர்பெற்ற ஹரோ பாடசாலையில் படித்தார். சகோதரர்கள் மிடில்செக்ஸ் அணிக்காகக் கிரிக்கெட் ஆடினார்கள். இவரோ கோப்பி பயிரிட இலங்கைக்குக் கப்பலேறினார். விடுமுறையில் ஊர் திரும்பியிருந்தபோது, 23 வயதில், இரண்டாவது விம்பிள்டன் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்.

முதலாண்டு வெற்றியாளர் ஸ்பென்சர் கோர். வலையருகே ஓடிவந்து, பந்து நிலத்தில் படுமுன்பே அடித்துவிடுவார். அக்காலத்து வலை நடுவில் தாழ்ந்தும் இரு ஓரங்களில் இன்றையதைவிட உயர்ந்தும் இருந்தது. ஆகவே ஓரமாக அடித்து அவரைக் கடப்பது எளிதல்ல. ஹடோ என்ன செய்தார்? பந்தை அவருடைய தலைக்கு மேலாகத் தூக்கி அடித்தார். முன்னே நின்ற கோர் பின்னோக்கி ஓட வேண்டியதாயிற்று. 7–5, 6–1, 9–7 என ஆட்டம் முடிந்தது. அந்தத் தொடரில் ஒரு செட்டைக்கூட ஹடோ இழக்கவில்லை.

அடுத்த ஆண்டு பட்டத்தைக் காக்க அவர் போகவில்லை; இலங்கைக்குத் திரும்பிவிட்டார். விளையாட்டால் பிழைக்கும் காலமல்ல அது. தோட்டம் பிழைப்பு, ஆட்டம் பொழுதுபோக்கு. பின்னாளில் எம் அயலிலுள்ள தரவளை மைதானத்தில் றக்பி ஆடிய துரைமாருக்கும் அப்படியே.

ஆனால் அந்தப் பொழுதை அவர்களுக்குத் தந்தவர்கள் யார் என்று நாம் கேட்காமல் இருக்க முடியாது. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே கால்நடையாக வந்தவர்கள் எம் மூதாதையர். வழியிலேயே நோயில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். கோப்பிப் பழம் பறித்த எம் பெண்களுக்குப் பந்தும் மட்டையும் எட்டாக் கனி. துரைமார் வீட்டுப் பெண்களுக்கே விம்பிள்டன் 1884இல்தான் கதவு திறந்தது. மோட் வொட்சன் முதல் வெற்றியாளரானார்.

ஹடோ வென்ற வேளையில் கோப்பிக்கும் கேடு சூழ்ந்திருந்தது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் தோட்டம் தோட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. 1880களில் கோப்பி வீழ்ந்து தேயிலை வந்தது. கோப்பித் தோட்டக்காரரின் மனைவியான புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் 1879 ஜனவரியில் காலமானார். அவரது கல்லறை எங்கள் பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளவிலேயே இருக்கிறது. பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஹடோ மீண்டும் விம்பிள்டனுக்குப் போனது 1926இல், அதன் பொன்விழாவுக்கு. 48 ஆண்டுகளுக்குப் பின் அங்கே மேரி மகாராணியாரிடம் நினைவுப் பதக்கம் பெற்றார். 1946 ஜூன் 29இல், 91 வயதில், இங்கிலாந்தில் காலமானார்.