விஞ்ஞான மேதை ஜி. டி. நாயுடு

கொங்கு நாடு ஈன்ற அறிஞர்களுள் ஜி. டி. நாயுடு குறிப்பிடத்தக்கவர். கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அன்னாரின் முழுப்பெயர். கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், வேளாண் குடும்பத்தில் அவர் பிறந்தார்.

பள்ளிப் பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. ஏட்டுக் கல்வி தொடக்கப் பள்ளியளவிலேயே நின்றது. ஆயினும் எதனையும் ஆராய்ந்து அறியும் வேட்கை அவரிடம் மிகுந்திருந்தது.

ஒருநாள் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை அவர் கண்டார். மாடோ குதிரையோ இழுக்காமல் ஓடிய அவ்வண்டி இளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனை வாங்கப் பணமில்லை. எனவே கோயம்புத்தூர் சென்று, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். வாங்கிய வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றினார்; ஒவ்வொன்றின் பயனையும் ஆராய்ந்தார்; பின்னர் மீண்டும் பூட்டினார். அவ்வண்டியே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

நம் மலாக்கா மாநிலத் தோட்டங்களிலும் வேலை முடிந்து வந்தபின் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பழுது பார்க்கும் பாட்டாளிகளை நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய கைத்திறன் ஒருவரை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு நாயுடு சான்றாவார்.

1920ஆம் ஆண்டு ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் போக்குவரத்தைத் தொடங்கினார். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937ஆம் ஆண்டு பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து இந்தியாவிலேயே மின்சார மோட்டாரைத் தயாரித்தார். மின்சாரச் சவரக் கருவியும் அவரது படைப்புகளுள் ஒன்றாகும்.

1952ஆம் ஆண்டு, இருவர் அமர்ந்து செல்லும் சிறிய பெட்ரோல் காரை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாயே. எளியோரும் கார் வாங்கும் காலம் நெருங்கியது. ஆனால், அரசு உரிமம் வழங்க மறுத்தமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. எனினும் அவர் சோர்ந்து முடங்கிவிடவில்லை. தம் ஆராய்ச்சிகளைத் தொடர்ந்தார்.

பள்ளியில் நிலைக்காத அவரே பிறருக்குக் கல்விக்கூடம் அமைத்தார் என்பதை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். 1945ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பொறியியல் கல்லூரி தோன்ற அவர் பெரும் பொருளுதவி செய்து, அதன் முதல்வராகவும் விளங்கினார். நான்காண்டுப் படிப்பைச் செயல்முறைப் பயிற்சியால் சுருக்கலாம் என்பது அவர் கருத்து. அது ஏற்கப்படாததால் அப்பதவியைத் துறந்தார். அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகத் திகழ்கிறது.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

மாணவச் செல்வங்களே! நாயுடு பள்ளியை விட்டதைப் பின்பற்றாதீர். வாழ்நாள் முழுதும் கற்றதைப் பின்பற்றுவீர். பள்ளியில்லாத குறையை ஈடுசெய்ய அவர் பட்ட பாடு பெரிது. உங்களுக்கோ பள்ளி வாசலிலேயே இருக்கிறது. பெற்றோர்களே! உங்கள் பிள்ளை பழைய கடிகாரத்தைக் கழற்றினால் கடிந்துகொள்ளாதீர். அதனை மீண்டும் பூட்டச் சொல்லி, அருகிலிருந்து ஊக்குவியுங்கள்.