கேரி கில்டால்

கேரி ஆர்லன் கில்டால் (மே 19, 1942 – ஜூலை 11, 1994) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளரும் தொழில் முனைவோரும் ஆவார். நுண்செயலிகளைக் கொண்ட சிறு கணினிகளில் முதன்முதலாகப் பரவலான பயன்பாட்டுக்கு வந்த சிபி/எம் என்னும் இயங்குதளத்தை உருவாக்கியவர் இவரே. டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தைத் தம் மனைவி டொரத்தி மெக்யூவனுடன் இணைந்து தொடங்கினார்.

ஐபிஎம் நிறுவனத்தின் தனிமேசைக் கணினிக்குத் தம் இயங்குதளத்தை அளிக்கும் வாய்ப்பை இழந்தவர் என்றே இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும், இயங்குதளத்தில் வன்பொருளைச் சார்ந்த பகுதியைத் தனியே பிரித்தமைத்ததே இவரது முதன்மையான பங்களிப்பாகும். அப்பிரிவின் பயனாக, சிபி/எம் அது எழுதப்பட்ட காலத்தில் இல்லாத கணினிகளிலும் எமுலேட்டர்களின் துணையுடன் எளிதில் இயக்கப்பட்டு வருகிறது.

இளமையும் கல்வியும்

கில்டால் வாசிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில் பிறந்தார். இவரது குடும்பத்தினர் அங்குக் கடல்வழி அறியும் கலையைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். கில்டாலும் இளமையில் அப்பள்ளியில் பாடம் நடத்தினார். கணித ஆசிரியராகும் நோக்கத்துடன் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், அங்குக் கணினியின்பால் ஈர்க்கப்பட்டார்.

வியட்நாம் போர்க்காலத்தில் இராணுவப் பணிக் கடமையை நிறைவேற்றும் பொருட்டுக் கடற்படையில் சேர்ந்த இவர், கலிபோர்னியாவின் மான்டரே நகரிலுள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியில் கணினி ஆசிரியராகப் பணியமர்த்தப்பட்டார். 1972இல் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நிரல்களின் தரவுப் பாய்வை ஆராய்ந்து அவற்றைச் செம்மைப்படுத்தும் முறை பற்றி 1973இல் இவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, தொகுப்பிகள் பற்றிய பாடநூல்களில் கில்டால் முறை என்ற பெயரில் இடம்பெற்றுள்ளது.

நுண்செயலிகளில் ஈடுபாடு

இன்டெல் நிறுவனம் 1971இல் 4004 என்னும் நுண்செயலியை அறிமுகப்படுத்தியது. கடல்வழிக் கணக்கீடுகளைச் செய்யும் சிறு கருவி ஒன்றை இதனைக் கொண்டு அமைக்க இயலுமா எனக் கில்டால் ஆராயத் தொடங்கினார். நுண்செயலியை மட்டும் வைத்துக்கொண்டு நிரல் எழுதிச் சோதிப்பது அந்நாளில் மிகக் கடினம். திரை, விசைப்பலகை, வட்டு ஆகிய எவையும் அதனுடன் வருவதில்லை. எனவே பெரிய கணினி ஒன்றினுள் நுண்செயலியைப் போலவே நடந்துகொள்ளும் நிரலை எழுதி, அதன் மீது தம் நிரல்களைச் சோதிக்கும் வழியை இவர் மேற்கொண்டார். இத்தகைய நிரலே எமுலேட்டர் எனப்படுகிறது.

இப்பணியின் தொடர்ச்சியாக இன்டெல் நிறுவனத்தின் ஆலோசகரானார். அதன் 8008, 8080 நுண்செயலிகளுக்கும் இவ்வாறான நிரல்களை எழுதியதுடன், நுண்செயலிகளுக்கான முதல் உயர்நிலை நிரல்மொழிகளுள் ஒன்றான பிஎல்/எம் மொழியையும் 1973இல் உருவாக்கினார்.

சிபி/எம் பிறந்த கதை

பிஎல்/எம் தொகுப்பி பெரிய கணினிகளில் மட்டுமே இயங்கியது. அதனைச் சிறு கணினியிலேயே இயக்கும் பொருட்டுக் கோப்புகளைச் சேமிக்க விரைவான சாதனம் ஒன்று தேவைப்பட்டது. சுகார்ட் நிறுவனத்தின் எட்டு அங்குல நெகிழ்வட்டு இயக்கி ஒன்றைக் கில்டால் பெற்றார். ஆனால் அதனை நுண்செயலியுடன் இணைக்கும் கட்டுப்படுத்திச் சுற்று அவரிடம் இல்லை. வன்பொருள் ஆயத்தமாகாத நிலையிலேயே, வட்டிலுள்ள கோப்புகளை ஆளும் சிறிய இயங்குதளம் ஒன்றைப் பிஎல்/எம் மொழியில் எழுதினார். பிடிபி-10 கணினியில் இயங்கிய தமது 8080 எமுலேட்டரில் அதனைச் சோதித்தார். இவ்வாறு சிபி/எம் எமுலேட்டருக்குள்தான் வடிவம் பெற்றது.

வாசிங்டன் பல்கலைக்கழக நண்பரான ஜான் டொரோட் 1974இல் கட்டுப்படுத்திச் சுற்றை அமைத்துக் கொடுத்தார். பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரிலுள்ள கில்டாலின் வீட்டுக் கொட்டகையில் இயங்குதளம் துளைநாடாவிலிருந்து ஏற்றப்பட்டு, முதன்முதலாக உண்மையான நெகிழ்வட்டில் இயங்கியது. இன்டெல் நிறுவனம் பிஎல்/எம் மொழியை ஏற்றுக்கொண்ட போதிலும் சிபி/எம்மில் ஆர்வம் காட்டவில்லை. ஆகவே கில்டாலும் டொரத்தியும் அதனைத் தாமே விற்க முற்பட்டனர். அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் முதற்பெயர் இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச் என்பதாகும். முதற்சொல் பின்னர் கைவிடப்பட்டது.

அமைப்பு

தொடக்கத்தில் ஒவ்வொரு புதிய கணினிக்கும் சிபி/எம்மின் பல பகுதிகளைத் திருத்த வேண்டியிருந்தது. நெகிழ்வட்டுக் கட்டுப்படுத்திகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டதே இதற்குக் காரணம். இம்சாய் நிறுவனத்தின் கணினிக்காக 1976இல் மீண்டும் திருத்த நேர்ந்தபோது, வன்பொருளுடன் நேரடியாகத் தொடர்புகொள்ளும் கட்டளைகள் அனைத்தையும் தனிப்பகுதியாகப் பிரித்தார். அப்பகுதிக்குப் பயாஸ் என்று பெயரிடப்பட்டது.

இதன்படி சிபி/எம் மூன்று பகுதிகளைக் கொண்டது. பயனர் தட்டச்சிடும் கட்டளைகளைப் புரிந்துகொள்வது முதற்பகுதி. கோப்புகளை ஆள்வது பிடாஸ் எனப்படும் இரண்டாம் பகுதி. எழுத்தைத் திரைக்கு அனுப்புதல், விசையைப் படித்தல், வட்டின் ஒரு துண்டத்தை எழுதுதல் அல்லது படித்தல் போன்ற எளிய பணிகளைச் செய்வது பயாஸ். முதலிரு பகுதிகள் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவானவை. பயாஸை மட்டும் கணினித் தயாரிப்பாளர் எழுதிக்கொண்டால் போதுமானது.

பயன்பாட்டு நிரல்களோ பயாஸைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை. தேவைப்படும் பணியின் எண்ணைச் 'சி' என்னும் பதிவகத்தில் இட்டு, நினைவகத்தின் ஐந்தாம் முகவரியை அழைத்தால் பிடாஸ் அப்பணியைச் செய்துதரும். இதனால் ஒரு கணினிக்கென எழுதப்பட்ட நிரல் மற்றொரு நிறுவனத்தின் கணினியிலும் இயங்கலாயிற்று. வேர்ட்ஸ்டார் சொற்செயலி, டிபேஸ் II தரவுத்தளம் ஆகியவை இத்தளத்தில் புகழ்பெற்றன. ஆஸ்போர்ன் 1, கேப்ரோ, ஆம்ஸ்ட்ராட் பிசிடபிள்யூ முதலிய பல கணினிகள் சிபி/எம்மைக் கொண்டிருந்தன.

ஐபிஎம் நிகழ்வு

ஐபிஎம் நிறுவனம் தன் தனிமேசைக் கணினிக்கு இயங்குதளம் தேடி 1980இல் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை அணுகியது. ஐபிஎம் குழுவினர் வந்த நாளில் கில்டால் பொழுதுபோக்காக விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார் என்னும் கதை பரவலாக வழங்கி வருகிறது. அவர் விமானத்தில் சென்றது உண்மையே; ஆனால் அது வணிகத் தொடர்பான பயணம். நிறுவனத்தின் ஒப்பந்தங்களை வழக்கமாகக் கவனித்து வந்த டொரத்தியே குழுவினரைச் சந்தித்தார். ஐபிஎம் முன்வைத்த இரகசியக் காப்பு உடன்படிக்கையால் பேச்சு தடைப்பட்டது. அன்று பிற்பகலிலும் அதற்குப் பின்னரும் நடந்தவை பற்றிப் பங்கேற்றோரின் கூற்றுகள் வேறுபடுகின்றன.

இறுதியில் ஐபிஎம் மைக்ரோசாப்ட் நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸ் இயங்குதளத்தை மைக்ரோசாப்ட் 1981இல் விலைக்கு வாங்கி ஐபிஎம்முக்கு அளித்தது. சிபி/எம் நிரல்களை எளிதில் மாற்றியமைக்க உதவும் வகையில் 86-டாஸின் அழைப்பு முறை சிபி/எம்மை ஒத்திருந்தது. கில்டால் எதிர்ப்புத் தெரிவித்ததைத் தொடர்ந்து சிபி/எம்-86 பதிப்பையும் விற்க ஐபிஎம் இசைந்தது. ஆனால் பிசி டாஸின் விலை 40 டாலராகவும் சிபி/எம்-86இன் விலை 240 டாலராகவும் அமைந்தமையால் வாங்குவோர் முன்னதையே தேர்ந்தனர். 2012இல் மேற்கொள்ளப்பட்ட மூலநிரல் ஒப்பீடு ஒன்றில், டாஸில் சிபி/எம்மின் நிரல் வரிகள் நகலெடுக்கப்பட்டதற்குச் சான்று காணப்படவில்லை. அழைப்பு முறையின் ஒற்றுமை வேறு, நிரல்வரிகளை நகலெடுத்தல் வேறு என்பது இங்குக் கருதத்தக்கது.

பிற பணிகள்

டிஜிட்டல் ரிசர்ச் பல பயனர்களுக்கான எம்பி/எம், வரைகலை இடைமுகமான ஜெம், எம்எஸ்-டாஸுடன் ஒத்தியங்கிய டிஆர் டாஸ் ஆகியவற்றையும் வெளியிட்டது. கில்டால் 1983 முதல் 1990 வரை கம்ப்யூட்டர் குரோனிக்கிள்ஸ் என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இணைத் தொகுப்பாளராக விளங்கினார். குறுவட்டில் நூல்களைச் சேமிக்கும் வாய்ப்பை முன்னுணர்ந்து தனி நிறுவனம் ஒன்றை அமைத்தார். குரோலியர் கலைக்களஞ்சியத்தின் குறுவட்டுப் பதிப்பு அதன் முயற்சியால் 1985இல் வெளிவந்தது. டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை நாவல் நிறுவனம் 1991இல் வாங்கியது.

மறைவு

1994 ஜூலை 8 அன்று மான்டரேயிலுள்ள மதுவகம் ஒன்றில் கில்டாலுக்குத் தலையில் காயம் ஏற்பட்டது. காயம் எவ்வாறு ஏற்பட்டது என்பது உறுதியாக அறியப்படவில்லை. மூன்று நாட்களுக்குப் பின்னர் தமது 52ஆம் வயதில் காலமானார். இவரது உடல் சியாட்டிலில் அடக்கம் செய்யப்பட்டது. 1993இல் எழுதி நண்பர்களுக்கு மட்டும் வழங்கிய தன்வரலாற்றின் ஒரு பகுதியை, குடும்பத்தினரின் இசைவுடன் கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2016இல் வெளியிட்டது.

எமுலேட்டர்களில் சிபி/எம்

இக்காலக் கணினிகளின் செயலிகள் 8080 நுண்செயலியின் கட்டளைகளை அறியமாட்டா. எனவே சிபி/எம்மை அவற்றில் நேரடியாக இயக்க இயலாது. எமுலேட்டர் இவ்விடைவெளியை நிரப்புகிறது. அது 65,536 பைட்டுகள் கொண்ட அணி ஒன்றை நினைவகமாகவும், சில மாறிகளைப் பதிவகங்களாகவும் கொள்கிறது. பின்னர் அந்நினைவகத்திலிருந்து கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இனங்கண்டு, 8080 செய்திருக்கும் செயலைத் தானே செய்கிறது. 8080 பொதுவாக 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியதால் இன்றைய கணினி அதனைப் பல மடங்கு விரைவாகப் பாவனை செய்ய வல்லது. பழைய வேகம் வேண்டுவோருக்காகச் சில எமுலேட்டர்கள் வேண்டுமென்றே தாமதத்தைப் புகுத்துகின்றன.

நெகிழ்வட்டின் இடத்தை ஒரு கோப்பு பெறுகிறது. எட்டு அங்குலத் தரநிலை வட்டில் 77 தடங்களும், தடத்துக்கு 26 துண்டங்களும், துண்டத்துக்கு 128 பைட்டுகளும் இருந்தன. ஆக, முழுவட்டும் 256,256 பைட்டுகள் கொண்ட கோப்பாக அடங்கிவிடுகிறது. முதலிரு தடங்களில் இயங்குதளமே இடம்பெற்றிருக்கும்.

எமுலேட்டர்களில் இரு முறைகள் வழக்கிலுள்ளன. சிம்எச், இசட்80பேக் போன்றவை பழைய கணினியையும் அதன் வட்டு இயக்கியையும் பாவனை செய்து, சிபி/எம்மை முழுமையாக இயக்குகின்றன. ரன்சிபிஎம் போன்றவை ஐந்தாம் முகவரிக்கு வரும் அழைப்பை இடைமறித்து, கேட்கப்பட்ட பணியைத் தாமே செய்து முடிக்கின்றன. இம்முறையில் சிபி/எம் கோப்புகளைக் கணினியின் சாதாரணக் கோப்புறைகளிலேயே வைக்கலாம். ஆர்டுயினோ டியூ போன்ற சிறு மின்னணுப் பலகைகளிலும் ரன்சிபிஎம் இயங்குகிறது. சிபி/எம்மின் பகுதிகளுக்கிடையே தெளிவான எல்லைகள் இருப்பதே இவ்விரண்டாம் முறையை எளிதாக்குகிறது.

இருப்பினும் சில இடர்ப்பாடுகள் உள்ளன. சிபி/எம் கோப்பின் அளவை 128 பைட்டுப் பதிவுகளாகவே கணக்கிட்டது. உரை முடியும் இடத்தைக் காட்ட ஒரு சிறப்புக் குறியை இட்டது. அக்குறியை நீக்காமல் கோப்பை மாற்றினால் இறுதியில் பொருளற்ற எழுத்துகள் தோன்றும். மேலும், வேர்ட்ஸ்டார் போன்ற நிரல்கள் குறிப்பிட்ட முனையத்தின் திரைக் குறியீடுகளுக்கேற்ப அமைக்கப்பட்டவை; எமுலேட்டர் அம்முனையத்தையும் பாவனை செய்ய வேண்டும். இயங்குதளம் மட்டுமின்றி, அதில் எழுதிச் சேமித்த ஆவணங்களும் இம்முறையால் மீட்கப்படுவது குறிப்பிடத்தக்கது.

உரிமம்

மென்பொருள் இயங்கக் கூடியதாக இருந்தாலும், உரிமை தெளிவாக இல்லையெனில் அதனைப் பகிர இயலாது. சிபி/எம்மின் உரிமை நாவலிடமிருந்து 1996இல் கால்டெரா நிறுவனத்துக்குச் சென்றது. பின்னர் உரிமையாளராயிருந்த லினியோ நிறுவனம் 2001இல் இணையத்தில் அதனை வழங்க அனுமதித்தது. அவ்வனுமதியின் எல்லை குறித்து நிலவிய ஐயத்தை டிஆர்டாஸ் நிறுவனம் 2022இல் நீக்கியது. சிபி/எம்மைப் பயன்படுத்தவும் பகிரவும் திருத்தவும் எவருக்கும் உரிமை உண்டு என அது தெளிவுபடுத்தியது. இதனிடையே, சிபி/எம்மின் 40ஆம் ஆண்டையொட்டிக் கணினி வரலாற்று அருங்காட்சியகம் அதன் தொடக்ககாலப் பதிப்புகளின் மூலநிரலை 2014இல் வெளியிட்டிருந்தது.

நினைவும் தாக்கமும்

பசிபிக் குரோவிலுள்ள டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தின் பழைய கட்டடத்தின் முன் 2014இல் ஐஇஇஇ அமைப்பு நினைவுப் பலகை ஒன்றை நிறுவியது. வட்டுகளை ஏ, பி, சி என எழுத்துகளால் குறிக்கும் வழக்கம் சிபி/எம்மிலிருந்து டாஸ் வழியாக விண்டோஸ் இயங்குதளத்துக்கு வந்தது. பயாஸ் என்னும் சொல்லும் தனிமேசைக் கணினிகளில் நிலைபெற்றது. வன்பொருள் இல்லாத நிலையில் எமுலேட்டரில் எழுதிச் சோதிக்கப்பட்ட சிபி/எம், அதற்கென அமைந்த வன்பொருள்கள் வழக்கொழிந்த பின்னரும் எமுலேட்டர்களில் இயங்கி வருகிறது.