பார்வையும் கவனமும்: இப்னுல் ஹைதம் கற்றுத்தந்த பாடம்

நமது பாடசாலை விழாக்களில் முஸ்லிம் விஞ்ஞானிகளின் பெயர்கள் வாசிக்கப்படும்போது இப்னுல் ஹைதமின் பெயரும் நிச்சயம் இருக்கும். ஒளியியலின் தந்தை என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவோம். கண் திறந்திருந்தும் மனிதன் ஏன் சிலவற்றைக் காண்கிறான், சிலவற்றைத் தவறவிடுகிறான் என்பதையும் அவர் ஆராய்ந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அபூ அலி அல்-ஹஸன் இப்னுல் ஹைதம் ஏறத்தாழ 965ஆம் ஆண்டு ஈராக்கின் பஸ்ராவில் பிறந்தார். அவரது வாழ்க்கையை எழுதிய இப்னுல் கிப்தி ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். நைல் நதியின் நீரைக் கட்டுப்படுத்த வழியுண்டு என்று இப்னுல் ஹைதம் கூறியது எகிப்தின் பாதிமிய ஆட்சியாளர் அல்-ஹாகிமின் காதுக்கு எட்டியது. அவர் இப்னுல் ஹைதமைக் கெய்ரோவுக்கு அழைத்து, ஆட்களுடன் தெற்கே அனுப்பினார். பயண வழியெங்கும் பண்டைய எகிப்தியரின் பிரமாண்டமான கட்டடங்கள் தென்பட்டன. இவ்வளவு ஆற்றல் படைத்தவர்கள், முடியுமான காரியமாக இருந்தால் அதை எப்போதோ செய்திருப்பார்களே என்று அவர் சிந்தித்தார். அஸ்வானுக்கு அப்பால் நதியை நேரில் ஆராய்ந்தபின், தனது திட்டம் சரிவராது என்று ஆட்சியாளரிடமே ஒப்புக்கொண்டார்.

அல்-ஹாகிமோ எப்போது யாரைத் தண்டிப்பார் என்று சொல்ல முடியாதவர். உயிருக்கு அஞ்சிய இப்னுல் ஹைதம் புத்தி பேதலித்தவர் போல நடித்தார். வீட்டில் அடைத்து வைக்கப்பட்டார். 1021இல் அல்-ஹாகிம் இறந்த பின்னரே வெளியே வந்து, அல்-அஸ்ஹர் பள்ளிவாசலுக்கு அருகில் குடியிருந்து, யூக்ளிட், தொலமி ஆகியோரின் நூல்களைப் பிரதி எடுத்து விற்றுப் பிழைத்தார். ஏறத்தாழ 1040இல் கெய்ரோவில் வபாத்தானார்.

ஏழு பாகங்கள் கொண்ட 'கிதாபுல் மனாழிர்' அவரது பெரும் படைப்பு. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிடும் தொலமியும் எழுதியிருந்தார்கள். பொருளிலிருந்து ஒளிதான் கண்ணுக்கு வருகிறது என்று இவர் நிறுவினார். சூரியனைப் பார்த்தால் கண் வலிக்கிறது என்ற, எல்லோரும் அறிந்த அனுபவமே அவரது சான்றுகளில் ஒன்று.

அத்தோடு அவர் நிற்கவில்லை. ஒளி கண்ணுக்குள் வந்துவிட்டால் மட்டும் பார்வை முழுமையடையாது என்றார். நேராக நோக்கும் இடம் தெளிவாகத் தெரியும், ஓரத்திலிருப்பது மங்கும். எழுத்துகள் உள்ள சிறு துண்டுகளை ஒரு பலகையில் நடுவிலும் ஓரத்திலும் வைத்து இதைச் சோதித்துக் காட்டினார். பார்வையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, மேலோட்டமான முதல் பார்வை. மற்றது 'தஅம்முல்', அதாவது கண்ணைப் பகுதி பகுதியாகச் செலுத்தி ஊன்றிப் பார்ப்பது. எழுத்தறிந்தவர் 'அப்ஜத்' என்ற சொல்லைக் கண்டதும் எழுத்துக் கூட்டாமலே அறிந்துகொள்கிறார். பழக்கம் வேலையை விரைவாக்குகிறது. ஆனால் அதே பழக்கம் தவறான முடிவுக்கும் நம்மைத் தள்ளிவிடும். பார்வையின் தவறுகளுக்கென்றே மூன்றாம் பாகத்தை ஒதுக்கினார்.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் 'கவனம்' பற்றி நாங்கள் படித்தபோது மேல்நாட்டு உளவியலாளர்களின் பெயர்களே வந்தன. 1953இல் கொலின் செரி இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒரு காதின் பேச்சை மட்டும் திருப்பிச் சொல்லச் செய்தார். மற்றக் காதில் மொழியே மாறியதைக் கூட அவர்கள் உணரவில்லை. காதுக்கு வருவதெல்லாம் கேட்கப்படுவதில்லை என்ற இந்த முடிவுக்கும், கண்ணில் விழுவதெல்லாம் அறியப்படுவதில்லை என்ற இப்னுல் ஹைதமின் முடிவுக்கும் இடையில் ஒன்பது நூற்றாண்டுகள்.

வகுப்பில் 'பழம்' என்பதைப் 'பணம்' என்று வாசிக்கும் பிள்ளையை நாம் கவனமற்றவன் என்று ஏசுகிறோம். அவன் பழகிய வடிவத்தை முதல் பார்வையில் பிடித்துக்கொண்டான். அவனுக்குத் தேவை ஏச்சல்ல, விரல் வைத்து நிதானமாக மீண்டும் பார்க்கும் பயிற்சி.

பெரியவர்களான நமக்கும் அதே பயிற்சி தேவை. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது, சமூக ஊடகங்களை அரசு முடக்க வேண்டிய அளவுக்கு வெறுப்பும் வதந்தியும் பரவின. அதன் விலையைக் கொடுத்தது நமது சமூகம். அப்படியிருந்தும் நமது வட்ஸ்அப் குழுக்களில் ஒரு படத்தையோ குரல் பதிவையோ அரைகுறையாகப் பார்த்து, கேட்டு, உடனே அனுப்பிவிடுகிறோம். கேட்டதெல்லாம் பரப்பக் கூடாது, செய்தி வந்தால் தெளிவு பெற வேண்டும் என்பது நமது மார்க்கம் காட்டிய வழி.

தான் சொன்னதையே நேரில் போய்ப் பார்த்து, தவறென்று கண்டதும் ஓர் ஆட்சியாளரின் முன்னே மாற்றிச் சொன்னவர் இப்னுல் ஹைதம். அடுத்த முறை மேடையில் அவர் பெயரைச் சொல்லும்போது, பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது பார்வையையும் சேர்த்துக் கற்றுக்கொடுப்போம்.